பலாகியாவின் கோட்

பலாகியாவின் கோட் அவள் உள்ளே இல்லாமலே ஏழு குளிர்காலம் மீன் விற்றது. யாகுட்ஸ்க் திறந்தவெளிச் சந்தையில் மூன்றாம் வரிசை, வாசலிலிருந்து ஐந்தாவது கடை. காலை ஒன்பது மணிக்கு முதல் வாடிக்கையாளர் வரும்போது அது நின்றுகொண்டிருக்கும். மாலை ஐந்துக்கு மற்றவர்கள் பெட்டிகளை மூடும்போதும் நின்றுகொண்டிருக்கும். முழங்கால் தாண்டிய ஆட்டுத்தோல் கோட், நரித்தோல் தொப்பி, அதன்மேல் சுற்றிய சாம்பல்நிறக் கம்பளிச் சால்வை, கலைமான் தோல் காலணி, நாய்த்தோல் கையுறை. தொப்பிக்கும் சால்வைக்கும் நடுவே முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் இருட்டு. மீனைக் காட்டினால் எடுத்துப் பையில் போடும். பேரம் பேசினால் அசையாமல் நிற்கும். பலாகியாவும் அப்படித்தான் நிற்பாள் என்பதால் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

முதல் மூன்று நாள் சந்தையில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில் மனிதர் என்பது உடுப்புதான். பனிப்புகையில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. தொப்பியை வைத்தும் நடையை வைத்தும்தான் அடையாளம். மூட்டை இழுக்கும் எசேன் அந்தக் கோட்டிடம், "என்னக்கா, ஆஸ்பத்திரியில அதுக்குள்ள விட்டுட்டாங்களா?" என்று கேட்டான். பதில் வராததைப் பார்த்து, "சரி சரி, மூக்குல கட்டு இருக்கும். பேசாத," என்று சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போனான். நான்காம் நாள் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் ஒருவர் மீன் வாங்க வந்தார். எல்லாருடைய வாயிலிருந்தும் வெள்ளை ஆவி வருகிறது, இந்த அம்மாளிடமிருந்து மட்டும் வரவில்லையே என்றார். அப்போதுதான் பார்த்தார்கள்.

ஆறாவது கடைக்காரி கனிஷாய் மட்டும் முதல் நாள் முதல் கால்மணி நேரத்திலேயே பார்த்திருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கு அந்த வாரம் இரண்டாம் முறை.

கனிஷாய் கிர்கிஸ் நாட்டு மலையடிவாரத்துக்காரி. அவள் ஊரைச் சுற்றி அக்ரூட் காடு. புருஷன் போனபிறகு மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, நாற்பதாவது வயதில் மூன்று விமானம் மாறி வந்தாள். அவள் சந்தையில் முதன்முதலில் நின்றது ஓர் அக்டோபர் கடைசி. ஊர் பூட்ஸ், காதில் வெள்ளித் தோடு, உடம்பை ஒட்டிப் பருத்திச் சட்டை. பக்கத்துக் கடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவடி இவ, கல்யாணத்துக்குப் போறவளாட்டம் வந்து நிக்கறா? தோட்டக் கழட்டு மொதல்ல. இல்லன்னா சாயங்காலம் காதோட சேந்து வரும்."

அதுதான் பலாகியா. கனிஷாயைவிட ஆறு வயது மூத்தவள், அந்த மண்ணின் சாகா இனத்தவள். இருவரும் ருஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். ஆனால் இருவருடைய தாய்மொழிகளும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு வயிற்றில் பிறந்தவை. மீனுக்கு இரண்டிலும் ஒரே சொல், மூக்குக்கும் ஒரே சொல். வெள்ளைக்கு மட்டும் வேறு வேறு சொல்.

"நடக்கறவளுக்கு ஒரு உடுப்பு, நிக்கறவளுக்கு ஒரு உடுப்பு. நீ நிக்க வந்தவ," என்றாள் பலாகியா. அன்று மதியமே அவளைச் சந்தையின் சூடு அறைக்குள் இழுத்துப்போய்ப் பருத்தியைக் கழற்றவைத்தாள். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வியர்வை பனிக்கட்டியாகும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, இடுப்பைச் சுற்றி ஒரு சால்வை, பஞ்சு வைத்த கால்சட்டை, இரண்டு ஸ்வெட்டர். காலுக்கு முதலில் கம்பளி, பிறகு முயல்தோல் உறை, பிறகு ஒரு அளவு பெரிய கலைமான் காலணி. காலையில் முகத்தில் தண்ணீர் படக்கூடாது, வாத்துக் கொழுப்பு தடவவேண்டும். தொப்பியும் சால்வையும் கடைசி. சால்வையைக் கட்டியபின் வீட்டுக்குள் இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்கக்கூடாது. மொத்தம் முப்பத்தைந்து நிமிட வேலை. முயல்தோல் உறை பலாகியா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. திருப்பித் தா என்று அவள் கேட்டதில்லை.

எத்தனை உடுத்தினாலும் கன்னமும் மூக்கும் வெளியேதான். அவை உறையும்போது வலிக்காது. வலி நின்றுபோவதுதான் உறைந்ததற்கு அடையாளம். தன் முகத்தைத் தானே பார்க்கவும் முடியாது. அதனால் அந்தச் சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரிகள் முகச்சோடி. கால்மணிக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சொல்லவேண்டும். சொல்லப்பட்டவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த நொடியே சூடு அறைக்குப் போகவேண்டும், சொன்னவள் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சோடி சொல்லாமல் ஒருத்தி தானாகக் கடையை விட்டுப் போவது, சோடியின் கண்ணை நம்பாதது போல. அப்படி யாரும் போகமாட்டார்கள். வெள்ளைக்குப் பொதுச்சொல் இல்லாததால் கனிஷாயும் பலாகியாவும் ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள். வலது கையுறையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தால், வெள்ளை, உள்ளே போ. மூன்று குளிர்காலம் இருவர் முகத்திலும் ஒரு தழும்பு விழவில்லை.

நான்காவது குளிர்காலம், ஜனவரி பதினேழு, ஐம்பத்திரண்டு டிகிரி. காலையிலேயே பலாகியா கனிஷாயின் பெட்டியைக் காட்டி வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அக்ரூட்டுக்காரி மீனப் பாருங்கடி, சிப்பாயி கணக்கா நேரா நிக்குது! ரெண்டு தடவ செத்த மீனுங்க!"

பனிக்கு அடியிலிருந்து உயிரோடு தூக்கிப்போட்ட மீன் துள்ளியபடி வளைந்து உறையும். நேராக நிற்கிற மீன், ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. வரிசை சிரித்தது. கனிஷாயிடம் பை நீட்டிக்கொண்டிருந்த அம்மாள் பையை மடக்கிக்கொண்டு ஐந்தாம் கடைக்கு நகர்ந்தாள். கனிஷாய்க்குக் காதுவரை சூடு ஏறியது. பலாகியா சொன்னது உண்மை. மீன் கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான், அவளே அப்போதுதான் கவனித்தாள். பொய்யாக இருந்திருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

பத்தே கால் மணிக்குப் பலாகியாவின் இடது கன்னத்தில் சட்டைப் பித்தான் அளவு வெள்ளை. கனிஷாய் பார்த்தாள். கையுறை தூக்கவில்லை. கொஞ்சம் எரியட்டும் என்று நினைத்தாள். அது எரியாது என்பது அவளுக்குத் தெரியும். பத்தரைக்குத் தீப்பெட்டி அளவு, மூக்கு நுனியும் சேர்ந்திருந்தது. அவள் குனிந்து மீனை அடுக்கினாள். பத்தே முக்காலுக்குக் கையைப் பாதி தூக்கினாள். ஒரு வாடிக்கையாளர் வந்தார். கை அவருக்குப் பை எடுத்துக் கொடுத்தது. பதினோரு மணிக்கு எசேன்தான் அந்தப் பக்கம் வந்து, "அய்யோ அக்கா, உன் மூஞ்சி!" என்று அலறினான். சூடு அறையில் கோட்டையும் தொப்பியையும் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். பலாகியாவைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். மூக்கின் நுனி போயிற்று. இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிற்று.

மறுநாள் காலை கோட் ஆணியில் இல்லை. ஐந்தாவது கடையில் நின்றுகொண்டிருந்தது. ஒன்பதே காலுக்கு அது கனிஷாய் பக்கம் திரும்பியது. தொப்பியைச் சாய்த்து அவள் முகத்தை நன்றாகப் பார்த்தது. பிறகு வலது கையுறையைத் தூக்கி இருட்டின் ஓரத்தில் வைத்தது. கனிஷாய் சூடு அறைக்கு ஓடினாள். கண்ணாடியில் அவள் மூக்கில் அரிசி அளவு வெள்ளை இருந்தது.

விஷயம் தெரிந்தபின் சந்தை நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டது. சுகாதார அதிகாரியம்மாள், உணவு விற்பவர்கள் வைத்திருக்கவேண்டிய மருத்துவப் புத்தகத்தில் பலாகியாவினுடையதைப் பார்த்தாள். ஆகஸ்ட் வரை செல்லும். புத்தகத்தில் ஒட்டியிருந்த படத்தையும் தொப்பிக்குள்ளிருந்த இருட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "தும்மல் இல்ல, இருமல் இல்ல. இங்க இருக்கிறதுலயே இதுதான் சுத்தம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் புதுப்பித்துக் கொடுத்தார்கள். மாலையில் பலாகியாவின் மகன் எர்ச்சிம் வந்து காசுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, புது மீனை அடுக்கிவிட்டுப் போவான். கோட்டின் தோளில் படிந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிவிடுவான். வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான், இழுத்தும் பார்த்தான். அது வேரோடியதுபோல நின்றது. ஏப்ரலில் கூரைகள் சொட்டத் தொடங்கும் நாளில் தானே போய் ஆணியில் தொங்கும். அக்டோபர் பிற்பாதியில் மறுபடி வந்து நிற்கும். குளிர்காலத்தில் ஒருநாள்கூடச் சூடு அறைக்குள் போனதில்லை.

ஏழு குளிர்காலம் அது கால்மணி தவறாமல் கனிஷாயின் முகத்தைப் பார்த்தது. அவள் தோலில் ஒரு கீறல் விழவில்லை. "இவ மட்டும் என்னத்தடி பூசறா?" என்று வரிசையில் கேட்டார்கள். எசேன் அவளை ஜாடியில் வைத்த ஆப்பிள் என்றான். கனிஷாய் வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்தாள். முறைப்படி அவளும் கால்மணிக்கு ஒருமுறை தொப்பிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கம்பளி மடிப்பும் ஒரு கொண்டை ஊசியும் இருந்தன. வெள்ளையாக எதுவும் இல்லை.

பலாகியா நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி ஐந்தாவது மாடியில் இருந்தாள். கோட் சந்தையில் நின்றதால் குளிர்காலத்தில் அவளால் வெளியே போக முடியவில்லை. எர்ச்சிம் மூன்று புதுக் கோட் வாங்கிக் கொடுத்தான். எதைப் போட்டாலும் மூன்றாம் மாடி இறங்குவதற்குள் பல் கிடுகிடுத்தது. ஒரு ஆளை இரண்டு இடத்தில் போர்த்த முடியாது என்று கட்டடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கோட்டுகளை உறவுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அவள் சன்னல் கண்ணாடிப் பனியில் நகத்தால் ஒரு வட்டம் சுரண்டி அதன் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

சந்தைக்குத் திங்கள் விடுமுறை. எல்லாத் திங்களும் கனிஷாய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். பலாகியா முதல் துண்டைக் கிள்ளி அடுப்பு நெருப்புக்குப் போடுவாள். நெருப்புக்கு முதல் வாய் கொடுக்காமல் அவள் எதையும் தின்றதில்லை. அது கருகி வீடெல்லாம் நாறும். எர்ச்சிம் உள்ளறையிலிருந்து கத்துவான்.

"எனக்கென்னடி, ஒண்ணும் தெரியல," என்பாள் பலாகியா. "மூக்கு போனதுல ஒரே லாபம், இவன் காலுறையத் தோய்க்காம இருந்தாக்கூட நிம்மதியாத் தூங்கலாம்." பிறகு கேட்பாள்: "என் கோட்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. இடது கை ஓரம் கொஞ்சம் தேஞ்சிருக்கு."

"நேரா நிக்குதா?"

"நிக்குதுக்கா."

அந்த ஜனவரி பதினேழைப் பற்றி பலாகியா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஏழு ஆண்டுத் திங்கள்களில் கனிஷாய் ஒவ்வொன்றிலும் சொல்லிவிடுவதாக நினைத்துக்கொண்டு படி ஏறினாள், சொல்லாமல் இறங்கினாள். அந்த நகரத்தில் அவளுக்கென்று ஒரு கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்த வீடு அது ஒன்றுதான். சொன்னால் அந்தக் கிண்ணம் இருக்காது.

கோட் நின்ற ஏழாவது குளிர்காலத்தில் கனிஷாயின் மகள் தொலைபேசியில் பேசினாள். பிப்ரவரி கடைசியில் பிரசவம். "அம்மா, இந்தத் தடவையாவது வாம்மா. வந்துட்டுத் திரும்பிப் போகாத." கனிஷாய் டிக்கெட் எடுத்தாள். எடுத்த அன்று பெட்டிக்குப் பின்னால் நின்றபடி கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது ஏன் ஒருமுறையும் உள்ளே போனதில்லை என்பது புரிந்தது. சோடி சொல்லாமல் கடையை விடக்கூடாது. அது ஏழு ஆண்டாக அவள் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தது. அவள் போய்விட்டால் சொல்ல ஆள் இல்லை. பலாகியா சாகும்வரை குளிர்காலமெல்லாம் ஐந்தாம் மாடியில் இருப்பாள்.

கனிஷாய் கோட்டின் எதிரே போய் நின்று வலது கையுறையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். கோட் அவளைப் பார்த்தது. நகரவில்லை. உள்ளே வெள்ளை இல்லாதபோது வெள்ளை என்று சொன்னால் அது கேட்காது. அது பொய்ச் சைகைக்குப் பழகிய கோட் இல்லை.

அடுத்தது ஜனவரி மாதத்தின் நான்காவது திங்கள். பனிப்புகை மாடி சன்னல்வரை ஏறியிருந்தது. அன்று ஏதோ பண்டிகைக்காகச் சந்தை திறந்திருந்தது. கனிஷாய் தன் கடையை எசேனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். ரொட்டியை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை, சால்வையையும் அவிழ்க்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் பாத்தேன்."

பலாகியா ரொட்டியைக் கிள்ளி நெருப்பில் போட்டாள்.

"பித்தான் அளவு இருந்தப்பவே பாத்தேன். சொல்லல. அப்புறமும் பாத்தேன். அப்பவும் சொல்லல. மூணு தடவ."

"தெரியும்," என்றாள் பலாகியா.

கனிஷாய் இடது கையுறையைக் கழற்றினாள்.

"நீ என் மூஞ்சியப் பாக்கறப்ப நான் உன் மூஞ்சியத்தானடி பாத்துக்கிட்டு இருக்கேன். நீ பாத்ததப் பாத்தேன். கண்ணத் திருப்பிக்கிட்டதையும் பாத்தேன். கன்னம் மரத்துப்போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது."

"அப்ப ஏங்க்கா உள்ள போகல?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன். அடுத்த தடவ சொல்லிருவா, அடுத்த தடவ சொல்லிருவான்னு. நான் கத்துனது தப்புதான், நாலு பேரு முன்னாடி உன் மீனச் சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு எனக்கு ஒரு கால்மணி வேணும்தான்." அவள் ரொட்டியை மென்று விழுங்கினாள். "மூணு வேணாம்டி."

எர்ச்சிமின் அறையில் ஓடிய தொலைக்காட்சி நின்றது. சால்வை கட்டியபின் இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. கனிஷாயின் முதுகில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் பலாகியாவின் கன்னத்தைத் தொட்டாள். தழும்பு பளபளவென்று, வெள்ளையாக, இழுத்துத் தைத்ததுபோல இருந்தது. வலது கையுறையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள்.

"வெள்ளக்கா. உள்ள போக்கா."

மதியம் ஒன்று இருபது இருக்கும். சந்தையில் எசேன் பார்த்ததாகச் சொன்னான்: கோட் கையிலிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி நடந்து, சூடு அறைக் கதவைத் திறந்து உள்ளே போய், ஆணியில் மாட்டிக்கொண்டது. வெளியே நாற்பத்தொன்பது டிகிரி. வரிசையில் இருந்தவர்கள் ஐந்தாவது கடையையும் பார்த்துக்கொண்டார்கள்.

எர்ச்சிம் கோட்டை எடுக்கப் போனான். அதைத் தூக்க முடியவில்லை. ஏழு குளிர்காலத்துக் குளிர் உள்ளே இருந்தது. நாலு பேராகச் சேர்ந்து சூடு அறையிலேயே அடுப்புக்கு அருகில் நகர்த்தித் தொங்கவிட்டார்கள். கீழே வாளி வைத்தார்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு வாளி சொட்டியது. காய்ந்து முடிய மூன்று மாதம் ஆகும் என்று அங்கே வாளி மாற்றிய ஒருத்தி கணக்குப் போட்டாள்.

"மூணு கால்மணி, மூணு மாசம்," என்றாள் பலாகியா. "கழட்டு உன்னுத."

கனிஷாய் கழற்றினாள். பலாகியா நடு அறையில் கையை விரித்து நின்றாள். கனிஷாய் ஒவ்வொன்றாகத் தன் உடம்பிலிருந்து எடுத்துச் சூடு ஆறுவதற்குள் அவளுக்குப் போட்டாள். மெல்லிய கம்பளி, தடித்த கம்பளி, இடுப்புச் சால்வை, பஞ்சுக் கால்சட்டை, இரண்டு ஸ்வெட்டர். முயல்தோல் உறையைப் போடும்போது பலாகியா குனிந்து பார்த்தாள். "இத இன்னுமா வெச்சிருக்க?" என்றாள். வாத்துக் கொழுப்பைத் தழும்பின்மேல் இரண்டு தடவை தடவவேண்டியிருந்தது. கோட், தொப்பி, கடைசியில் சால்வை. கனிஷாய் எர்ச்சிமின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். பலாகியா ஏழு ஆண்டுக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் மூன்றாம் மாடியைத் தாண்டி இறங்கினாள். சன்னல் வட்டத்தின் வழியாகப் பார்த்தபோது தன் கோட் தெருவைக் கடந்துபோவது கனிஷாய்க்குத் தெரிந்தது.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் முழுக்க கனிஷாய் அந்த வீட்டில் உருளைக்கிழங்கு உரித்தாள். எர்ச்சிம் புதுக் கோட் வாங்கித் தருகிறேன் என்றான், அவள் வேண்டாம் என்றாள். டிக்கெட் காலாவதியாயிற்று. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டாள். மகள் அழுதாள், பிறகு மூன்று வாரம் பேசவில்லை. மாலையில் பலாகியா படியேறி வந்து பனியை உதறுவாள். "உன் கோட்டு நல்லா இருக்கு," என்பாள். "அக்குள்ல கொஞ்சம் இறுக்கம்." கனிஷாய்க்கென்று வைத்திருந்த கிண்ணம் அதே இடத்தில் இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில் கடைசி வாளி நிறைந்தது. அவரவர் கோட் அவரவரிடம் வந்தது. கனிஷாய் ஊருக்குப் புறப்பட்டபோது அவசரத்தில் வலது கையுறையை ஆறாவது கடையின் ஆணியிலேயே விட்டுவிட்டாள். மேலே பறக்கும்போதுதான் நினைவு வந்தது.

ஆறாவது கடையில் இப்போது ஒரு சின்னப்பெண் நிற்கிறாள். அவள் தொலைபேசியைப் பார்ப்பாளே தவிரச் சோடியின் முகத்தைப் பார்க்கமாட்டாள். பலாகியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்னம் வெளுக்கும் நேரத்தில் ஆணியிலுள்ள கையுறை தானாக மேலே போகும். பலாகியா மீனைப் போட்டுவிட்டு உள்ளே போவாள். ஒருமுறையும் தப்பியதில்லை என்று எசேன் சொல்கிறான்.

அக்ரூட் காட்டு ஊரில் கனிஷாய் மறுபடி பருத்தி உடுத்துகிறாள், காதில் தோடு போடுகிறாள். நவம்பரிலிருந்து மார்ச் வரை, யாகுட்ஸ்கில் சந்தை நடக்கும் நேரத்துக்குச் சரியாக, அதாவது அவள் ஊரில் காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை, அவள் வலது கை இடையிடையே தானாக எழுந்து கன்னத்துக்குப் போகிறது. மாவு பிசையும்போதும் போகிறது, தூக்கத்திலும் போகிறது. மகள் முதலில் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். இப்போது சொல்வதில்லை. கை எழும்போது குழந்தையை வாங்கிக்கொள்கிறாள், கை இறங்கியதும் திருப்பிக் கொடுக்கிறாள்.